கயிற்றின் மறுமுனை

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அக்காவுக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடிப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று கணவர் கேலி செய்வார். உண்மையில் சக்கரத்தைக் கட்டிவிட்டவன் தம்பி. அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சிறு வயதில் வண்டிகள் பறக்கும் தெருவில் அவனுக்கு அவள் போட்ட சட்டம் ஒன்றுதான்: "நான் டேய்னா அப்படியே நின்னுடணும்."

இன்று அவன் தனியாகப் பேருந்து ஏறி வேலைக்குப் போய்வருகிறான். அக்காவுக்குத்தான் இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. ஊரே ஓடும் பந்தயத்தில் தானும் ஓடப்போவதாக அவன் சொன்னதும், வழிகாட்டி கூட ஓடுபவரின் மணிக்கட்டோடு அவன் மணிக்கட்டைப் பிணைக்கும் கயிற்றின் மறுமுனையை வேறு யார் பிடிப்பது? "மேடு", "இடது", "நாய் படுத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே தினமும் பூங்காவைச் சுற்றி அவனோடு ஓடினாள்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரி கயிற்றைப் பிடித்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, பூங்கா தெரியும் ஜன்னலில் நின்று பார்த்தாள் அக்கா. தம்பி பறந்தான்! இத்தனை நாள் பக்கத்திலேயே ஓடியும் அவள் பார்த்ததெல்லாம் சாலையைத்தான். அவன் ஓடுவதை அன்றுதான் பார்த்தாள். பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

"ஏன்டா, எங்கூட மட்டும் ஆமை மாதிரி வர்ற?"

தம்பி ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "உனக்கு மூச்சு வாங்குதுக்கா. அந்தச் சத்தம் கேட்டா என் கால் தானா மெதுவாயிடுது."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா நீ அழுவ."

"நான் எதுக்குடா அழணும்?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

பந்தயத்தன்று கயிறு ரொட்டிக்கடைக்காரியின் கையில் இருந்தது. "பள்ளம் வந்தா முன்னாடியே சொல்லு, திருப்பத்துல இழுக்காத" என்று அக்கா ஓதிய ஓதலில் அவள் கும்பிடு போட்டுவிட்டு ஓடியே போனாள். பிறகு அக்காவுக்கு வேலை இல்லை. கடைசித் திருப்பத்தில், தடுப்புக் கம்பிக்குப் பின்னால், குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தாள். வெறும் மணிக்கட்டை அடிக்கடி தடவிக்கொண்டாள். உதவாக்கரையாக நிற்பது இவ்வளவு கொடுமையா?

வந்துவிட்டார்கள். தம்பி கூட்டத்தின் முன்வரிசையில் வந்தான். அதே நேரம் எவனோ தண்ணீர் குடித்துவிட்டு வீசிய பாட்டில் உருண்டு உருண்டு நேராக அவன் காலடிக்குப் போனது. அக்கா கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்தாள். வாய் தானாகத் திறந்தது. ஆயிரம் பேர் கத்தினாலும் அவளுடைய ஒரு 'டேய்' அவன் காதில் விழும். விழுந்தால் நின்றுவிடுவான்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரொட்டிக்கடைக்காரி ஏதோ சொன்னாள். தம்பி ஒரு எட்டு நீட்டி வைத்துப் பாட்டிலைத் தாண்டினான். அக்கா அங்கே நிற்பதே தெரியாமல், வேகம் குறையாமல், அவளைக் கடந்து போனான். அவன் முதுகு மறையும்வரை அவள் கையை எடுக்கவில்லை.