மாஸ்டருக்கு நீட்டாத ரோல்ஸ்

கணக்கை ஆசைப்பட்டுப் படித்தவர்கள் இருப்பார்கள். நான் ஒரு மனிதரைப் பழிவாங்கத்தான் படித்தேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

பகலில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடைச் சமையலறையில் கறியை மாவில் வைத்து ரோல்ஸ் சுற்றிக்கொண்டு, நாற்பத்தாறு வயதில் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் முகாமைத்துவமும் பகுதிநேரமாகப் படிக்கச் சேர்ந்தேன். அதில் நேரியல் அட்சரகணிதம், அதாவது லீனியர் அல்ஜிப்ரா, என்று ஒரு பாடம். பயந்துபோய், பக்கத்தில் வோபர்னில் ஒரு மாடியில் அந்தப் பாடத்துக்கு நடந்த தமிழ் ரியூசன் வகுப்புக்குப் போனேன். அங்கே படிப்பித்த மாஸ்டரின் வழி நாங்கள் ஊரில் பழகிய அதே வழி: பழைய வினாத்தாள்களைச் செய்து தருவார், பிள்ளைகள் பாடமாக்குவார்கள்.

இரண்டு சமன்பாடுகளின் எண்களைச் சதுரமாக எழுதிக் குறுக்கே பெருக்கிக் கழித்தால் வருவது துணிகோவை. அது பூச்சியம் என்றால் ‘விடை இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார். ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

“அண்ணை, உது உங்களுக்கு ஏறாது. நீங்கள் ரோல்ஸைச் சுத்துங்கோ, கணக்கை எங்களிட்டை விடுங்கோ.”

என் மகளின் வயதுப் பிள்ளைகள் முழுப்பேரும் சிரித்தார்கள். அதன்பிறகு நான் அந்தப் படியேறவில்லை.

அடுத்த நாள் மாவைப் போட்டுக் குத்தினேன். கடைக்கார அக்கா எட்டிப் பார்த்து, கோபத்தை மாவில் காட்டினால் பொரிக்கும்போது வெடிக்கும் என்றார். சனங்கள் சொல்வதைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கம். அக்காவின் சொல்லையும் சேர்த்துக்கொண்டு, கோபத்தை நூலகப் புத்தகத்தில் காட்டினேன்.

விடை கடைத் தராசில்தான் கிடைத்தது; ரோல்ஸோடு, கறி வைத்து மடித்துப் பொரிக்கும் பற்றிஸையும் வைத்துப் பார்த்தேன். இரண்டு ரோல்ஸும் ஒரு பற்றிஸும் முந்நூறு கிராம். நாலு ரோல்ஸும் இரண்டு பற்றிஸும் அறுநூறு கிராம் என்று வைத்தேன். துணிகோவை பூச்சியம். ஆனால் எல்லாமே நூறு கிராம் என்றாலும் சரிவருகிறது. ரோல்ஸ் நூற்றிருபது, பற்றிஸ் அறுபது என்றாலும் சரிவருகிறது. ஒரே கதையை இரண்டு தரம் சொன்னால் விடைக்கு முடிவேயில்லை. இரண்டாம் தரம் எழுநூறு என்று மாற்றிச் சொன்னால்தான் விடை இல்லை. மாஸ்டர் பாதியைத்தான் படிப்பித்திருந்தார். அன்று நான் சமையலறையில் தனியே நின்று சிரித்ததை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது.

இறுதிப் பரீட்சையில் துணிகோவை பூச்சியமாகி விடைகள் முடிவில்லாமல் வரும் அந்தக் கேள்வியே வந்தது. நான் எழுதினேன். அதே பரீட்சை எழுதிய அவருடைய பிள்ளைகள் ‘விடை இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனதாக வெளியே வந்து கதைத்தார்கள்.

அடுத்த தவணை தொடங்கியதும் ஒரு பெட்டி ரோல்ஸோடு அந்த மாடிக்குப் போனேன். கேட்காமலே வெள்ளைப் பலகையில் என் தராசுக் கணக்கை எழுதினேன். மாஸ்டர் கிட்ட வந்து அதை வரிவரியாகச் சரிபார்த்தார்.

“பழைய பேப்பர் ஒண்டிலையும் உப்பிடி வரேல்லை, அண்ணை,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

“எனக்கில்லை. பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ.”

“அண்ணை, விடுங்கோவன்.”

நான் விடவில்லை. பேனையை அவர் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் வாங்கினார். தான் பிழையாகச் சொல்லிக் கொடுத்ததாகப் பிள்ளைகளிடம் சொல்லி, சரியானதைத் தன் கையாலேயே எழுதினார். அன்று சிரித்தவர்களில் மூன்று பேர் முன்வாங்கில் இருந்தார்கள்; அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வந்தவர்கள். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பெட்டியைத் திறந்தேன். எங்கள் ஆட்கள் எதையும் முதலில் மாஸ்டருக்குத்தான் நீட்டுவார்கள். நான் பின்வாங்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்தேன். ஒன்று மிஞ்சியது. அதை அவருக்கு முன்னால் நின்று, ஆறுதலாக, அவசரமில்லாமல், நானே தின்றேன்.