சங்கு வெட்டும் இடத்தில் ஏழாவது ஆள்

இது நடந்தது. எனக்கு நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர், வெயிலில் மண்டை காய்ந்திருக்கும் என்றார்கள். மீதிப் பேர் ரம் என்றார்கள். அன்று நான் ரம்மைத் தொடவே இல்லை. காலை பத்தே முக்கால் மணி, கொளுத்தும் வெயில், அடிமணலில் ஊசி கிடந்தாலும் தெரிகிற எட்டடித் தண்ணீர். பேய் இருட்டில்தான் வரும் என்று சொன்ன புண்ணியவான் யாரோ, அவர் எங்கள் தீவுக்கு வந்ததில்லை.

என் பெயர் ஆல்ரிக். பெலீஸ் கடலில், பவளப்பாறைக்கு உள்பக்கம் கிடக்கும் ஒரு சின்னத் தீவு எங்களுடையது. பத்தொன்பது வருஷமாக ஸ்நார்க்கல் வழிகாட்டி. வெளிநாட்டுக்காரர்களுக்கு முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டிவிட்டு, தண்ணீருக்குள் அழைத்துப்போய் ஆமை, திருக்கை, சுறா காட்டுவது என் பிழைப்பு. படகு என் மனைவியின் அண்ணன் ஹார்லனுடையது. ஓட்டுவதும் அவன்தான்.

எங்கள் சுறாக்கள் கடிக்காது. நர்ஸ் சுறா என்று பெயர், சுத்தச் சோம்பேறிகள். சங்கு பிடிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் தோணியை நிறுத்தி, சுத்தியலால் சங்கின் தலையில் தட்டி ஓட்டை போட்டு, சதையை உருவிக்கொண்டு மிச்சத்தைக் கடலில் கொட்டுவார்கள். அந்தத் தட்டும் சத்தம் சுறாவுக்கும் திருக்கைக்கும் சாப்பாட்டு மணி. அந்த மணியை நாங்கள் திருடிக்கொண்டோம். இன்ஜினை அணைத்துவிட்டுப் படகின் பக்கப் பலகையில் மூன்று தட்டு. டொக்... டொக்... டொக். ஒரே நிமிஷத்தில் இருபது சுறா வந்து மொய்க்கும். வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள்.

முதலில் போகிற படகுக்குத்தான் பசியோடு வரும். இரண்டாவதாகப் போனால் வயிறு நிறைந்து படுத்துக்கிடக்கும். அதனால் எல்லாப் படகும் பந்தயம்தான். அந்தப் பந்தயத்தில்தான் அது நடந்தது.

நவம்பர் பதினாலு. காலை 9:20. பக்கத்துத் தீவு ஹோட்டலில் ஆட்களை ஏற்றப் போய்க்கொண்டிருந்தோம். படகில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நேரமாகிவிட்டதென்று ஹார்லன் குறுக்கு வழியாகக் கால்வாய்க்குள் விட்டான். அது அலையாத்திக் காட்டை ஒட்டிப் போகும் குறுகலான தண்ணீர். முன்பக்கம் உட்கார்ந்து மிதவை தெரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. சங்குக்கு மூழ்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டி ஆரஞ்சு மிதவை ஒன்றை மேலே விட்டிருப்பான். மிதவை இருந்தால் கீழே மனுஷன் இருக்கிறான் என்று அர்த்தம். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டக்.

படகு ஒரு குலுக்கு குலுக்கியது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் நுரையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ புரண்டது. ஹார்லனும் பார்த்தான். வேகத்தைக் குறைக்கவில்லை.

"கட்டை மச்சான்" என்றான்.

"ஆமா... கட்டை" என்றேன்.

அன்று சாயங்காலம் ஆர்வினின் தோணி ஆளில்லாமல் தெற்குப் பக்கம் மிதந்து வந்தது. ஆர்வின் தனியாகச் சங்குக்குப் போகிறவன். அவன் மனைவி ஸெல்மா படகுத்துறையில் பூரி மாதிரி உப்பும் ஃப்ரை ஜாக் சுட்டு, அவரைக் குழம்போடு விற்பவள். போலீஸ் எல்லாப் படகுக்காரர்களையும் விசாரித்தது. "நாங்க கால்வாய்ப் பக்கமே போகலையே" என்றான் ஹார்லன். நான் தலையாட்டினேன். தோணி தெற்கே கிடைத்ததால் நான்கு நாள் தெற்கே தேடிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஒரு தலையாட்டல் போதும்.

அதன்பிறகு ஆறு மாதம், தினமும் காலையில் ஸெல்மா எனக்கு ஃப்ரை ஜாக்கை இலையில் சுற்றித் தரும்போது ஒரே கேள்வி கேட்பாள்.

"தம்பி, எதுனா கண்ணுல பட்டுச்சா?"

"இல்லக்கா."

"ஒரு எலும்பு கெடச்சாப் போதும். புதைச்சிட்டு அழுதுருவேன். அழுகையும் வர மாட்டேங்குது பாரு."

சொல்லிவிடலாம் என்று தினமும் வாய் வரை வரும். சொன்னால் ஹார்லன் ஜெயிலுக்குப் போவான், நானும் போவேன், என் வீடு உடையும். அவள் கொடுத்ததை வாங்கித் தின்றுவிட்டு அவன் படகில் ஏறுவேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும்.

மே ஒன்பது.

ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனோம். அதில் மார்னி என்ற கனடாக்காரம்மா மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுபது வயதுக்கு மேல், ஓய்வுபெற்ற நர்ஸ், வாய் மூடாத பேச்சு.

10:40. சங்கு வெட்டும் இடம். ஹார்லன் இன்ஜினை அணைத்தான். நான் சுத்தியலை எடுத்து மூன்று தட்டுத் தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பத்தொன்பது வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை.

"என்னடா, உன் சம்பந்திங்கல்லாம் விரதமா?" என்று ஹார்லன் கிண்டலடித்தான். ஆறு பேரும் எதுவும் புரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

மறுபடி தட்டினேன். டொக்... டொக்... டொக்.

பதில் வந்தது.

என் பாதத்துக்கு நேர்கீழே. படகின் அடிப்பலகையில். வெளியிலிருந்து.

டொக்... டொக்... டொக்.

ஹார்லன் சிரிப்பை நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கட்டையா இருக்கும் மச்சான்" என்றேன். எனக்கே ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது.

10:46. ஆறு பேரையும் தண்ணீரில் இறக்கினேன். ஆமை மட்டுமாவது காட்டாமல் திரும்ப முடியாது. நானும் இறங்கி, வழக்கம்போல எண்ணிக்கொண்டே இருந்தேன். நாங்கள் கொடுக்கும் மூச்சுக்குழாய் எல்லாமே மஞ்சள். தண்ணீருக்கு மேல் ஆறு மஞ்சள். ஒரு ஆமை அடிப்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

10:52. மறுபடி எண்ணினேன். ஆறு மஞ்சள் தலை மேலே. அவற்றுக்குக் கீழே, மணலை ஒட்டி, ஏழாவதாக ஒரு ஆள்.

கண்ணைக் கசக்க முடியாது, கண்ணாடி போட்டிருக்கிறேன். மணல் கலங்கியது. தெளிந்தபோது ஆளில்லை.

மார்னி மேலே வந்து கண்ணாடியைக் கழற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க இன்னொரு ஆள் ரொம்ப நல்லவருப்பா. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஆமையக் காட்டினாரு."

"எந்த ஆளு?"

"அதான், கால்ல அடிபட்டிருக்கே, அவரு. ஒரு காலை இழுத்துக்கிட்டே நீந்துறாரு, பாவம். ஆனா என்னா மூச்சுப்பா அவருக்கு! ஒரு தடவ கூட மேல வரலையே."

முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன், வெறும் மணல்.

"கை மட்டும் ஐஸ் மாதிரி இருந்துச்சு" என்றாள். "அப்புறம்... உன்னக் காட்டினாரு. அப்படியே படகையும் காட்டினாரு. என்ன சொல்ல வந்தாருன்னு எனக்குப் புரியல."

"எல்லாரும் ஏறுங்க" என்று கத்தினேன். "இப்பவே!"

10:58. சுறாக்கள் வந்தன. எல்லாம் ஒன்றாக. எங்கள் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. படகைச் சுற்றி வளையமாக நின்றன. சுறா நிற்காது. படுக்கும், இல்லையென்றால் நீந்தும். இவை நின்றன. எல்லா மூக்கும் ஒரே பக்கம், ஹார்லன் உட்கார்ந்திருந்த பின்பக்கம்.

அவற்றுக்கு நடுவில் புகுந்துதான் ஆறு பேரையும் ஏற்றினேன். கடைசியாக நான் ஏறினேன். ஒருமுறை எண்ணினேன். இரண்டுமுறை எண்ணினேன். ஆறு.

11:03. "எடு மச்சான், போயிரலாம்" என்றேன். ஹார்லன் சாவியைத் திருகினான்.

க்ர்ர்ர்... டக்.

இன்ஜின் நின்றுவிட்டது. அதைச் சாய்த்துத் தூக்கினான். விசிறியில் கயிறு. பாசி படிந்த கயிறு, சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. நுனியில் பாதி மிதவை.

ஆரஞ்சு.

"இத எவன்டா இங்க..." ஹார்லனின் குரல் கீச்சென்று போனது.

"உனக்குத் தெரியாதா?"

"மூடு வாய."

கத்தியை எடுத்தான். பின்பக்கம் குனிந்தான். கயிற்றில் கை வைத்தான்.

டொக்.

டொக்.

மூன்றாவது தட்டு கேட்கவில்லை. ஹார்லன் இருந்த இடத்தில் ஹார்லன் இல்லை.

அலறல் இல்லை. விழுந்த சத்தம்கூட இல்லை. மார்னி மட்டும் "அய்யோ" என்றாள்.

குதித்தேன்.

எட்டடிதான். கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஆனால் அடியில் ஹார்லனைக் காணோம். மணல்மேல் திருக்கைகள் குவிந்து கிடந்தன. ஈரச் சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி. பத்து இருக்கும், பதினைந்து இருக்கும். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. கத்தி பிடித்த கை. விரல்கள் இன்னும் அசைந்தன.

கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. திருக்கைகள் நகரவில்லை. மறுபடி இழுத்தேன்.

அப்போது என் கணுக்காலை ஏதோ பிடித்தது.

விரல்கள். ஐந்து. ஐஸ்.

உதைத்தேன். பிடி இறுகியது.

நெஞ்சு வெடித்தது...

குனிந்து பார்த்தேன். சங்குக்காரர்கள் போடும் பழைய ஒற்றைக் கண்ணாடி. அதற்குள்...

முகம் இருக்கவேண்டிய இடத்தில் கோபம் மட்டும் இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சொல்றேன் என்று கத்தினேன். தண்ணீருக்குள். ஸெல்மாகிட்ட சொல்லிடறேன். குமிழிதான் போனது.

சொல்றேன்...

சொல்றேன்...

விட்டது.

11:09. படகைப் பிடித்துத் தொங்கினேன். 11:20க்கு வேறு படகு வந்து ஹார்லனை எடுத்தது. அப்போது அங்கே ஒரு திருக்கைகூட இல்லை. மார்னி அவன் நெஞ்சை அரைமணி நேரம் அமுக்கிப் பார்த்தாள். பிரயோஜனமில்லை.

அன்று பகல் இரண்டு மணிக்கு ஈரத் துணியோடு போலீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கு இன்னும் நடக்கிறது. அண்ணனைச் செத்த பிறகும் காட்டிக்கொடுத்தவன் என்று என் மனைவி என்னோடு பேசுவதில்லை. பிறகு படகுத்துறைக்குப் போய் ஸெல்மாவிடமும் சொன்னேன். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க?" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் முதல்முறையாகக் கால்வாய்ப் பக்கம் தேடினார்கள். அலையாத்திக் காட்டுக்குள், வேர்களுக்கு நடுவே, காட்டின் வெளிப்பக்கமாக எங்கள் படகு வழக்கமாகப் போகும் பாதையிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளி ஆர்வினின் எலும்புகள் கிடைத்தன. அங்கே வைத்துத்தான் டாக்டர் அதைச் சொன்னார்.

இன்ஜின் விசிறி அவனைக் கொல்லவில்லை. தொடை எலும்பு உடைந்திருந்தது. அதற்கு மேலே பெல்ட்டை இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தியிருந்தான். அந்தக் காலோடு நீந்தி அந்த வேர்களில் ஏறியிருக்கிறான். நவம்பர் மழைத் தண்ணீரைக் குடித்திருக்கிறான். கைக்கெட்டிய சங்குகளை உடைத்துத் தின்றிருக்கிறான். வேரில் கத்தியால் நாளுக்கு ஒரு கோடு கீறியிருந்தான்.

ஒன்பது கோடு.

அடக்கம் முடிந்ததும் ஸெல்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்கு இப்போது அழுகை வந்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஒம்போது நாளும் நீ அந்த வழியாத்தான் வேலைக்குப் போனியா?"

"போனேன்."

"எப்பவும் இடுப்புல சொருகியிருக்கிற சுத்தியல் அவரு பக்கத்துல கெடந்துச்சாம். ஒரு சங்கு ஓடு, தட்டித் தட்டியே நொறுங்கிக் கெடந்துச்சாம். உனக்குச் சத்தம் கேட்டுச்சா?"

கேட்டது. காட்டுக்குள்ளிருந்து, பகல் முழுக்க, மூன்று மூன்றாக. எல்லாப் படகுக்காரர்களுக்கும் கேட்டது. எவனோ உள்ளே உட்கார்ந்து சங்கு உடைக்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான்காம் நாள், "எவனுக்கோ நல்ல வேட்டைடா" என்று ஹார்லன் சொல்ல, நான் சிரித்துக்கூட இருக்கிறேன்.

"தம்பி, உன்னத்தான். கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."