ஒருவரைத் தவிர

நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சிக் கட்டுரை போன மாதம் வெளியானது. வெயிலில் கூலி வேலை செய்கிறவர்களின் சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்பதுதான் விஷயம். திருச்சி அலுவலகத்தில் எங்களையெல்லாம் உட்காரவைத்துத் தமிழில் படித்துச் சொன்னார்கள். அதில் ஒரு வரி: "அவசர சிகிச்சை தேவைப்பட்ட பத்தொன்பது பேரில், ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நேரில் தெரிவிக்கப்பட்டது." அந்த ஒருவர் யார் என்று கட்டுரையில் இல்லை. எனக்குத் தெரியும். அன்றைக்கு வண்டி ஓட்டியவன் நான்.

என் பெயர் ஸ்டீபன்ராஜ். திருவெறும்பூர்க்காரன். ஆராய்ச்சிக்காக வாடகைக்கு எடுத்த ஜீப்பை மூன்று வருஷம் ஓட்டினேன். ஆனால் நான் சொல்ல வந்தது ஜோதியைப் பற்றி.

ஜோதிக்கு நாற்பத்தோரு வயது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறாள். பதினைந்து வருஷம் ஒரு லேபில் ரத்தம் எடுத்துவிட்டு இந்தத் திட்டத்தில் களப்பணிக்கு வந்தவள். வையம்பட்டிப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போக வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டும். எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றீர்கள், எத்தனை செம்பு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். கேட்க லேசாக இருக்கும். முன்பின் தெரியாத ஒருத்தி காலையில் வந்து நின்று கையை நீட்டு என்றால் நீங்கள் நீட்டுவீர்களா? நான் மாட்டேன். ஜோதியிடம் நீட்டினார்கள். யார் வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது, யார் மகளுக்கு எந்த ஊரில் சம்பந்தம் பேசுகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ரத்தக் குழாய்கள் இருந்த ஐஸ் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் எனக்குத் திட்டு விழும். "அண்ணே, உள்ள இருக்கறது தக்காளி இல்ல. பாத்து ஓட்டுங்க."

அவளுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. நெதர்லாந்திலிருந்து ஆராய்ச்சியை நடத்துகிற அன்னெக்கே மேடம் ஒருமுறை வீடியோ காலில், "ஜோதியின் வீடுகளில் ஒன்றுகூட விலகவில்லை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்கு எனக்கு அதே பாட்டுதான். கர்வத்தோடு ஒரு பயமும் இருந்தது. பக்கத்து ஊரில் இன்னொரு களப்பணியாளர், மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் பார்த்து அப்பாவிடம் கெட்ட ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டார். ஊரே கூடி இனிமேல் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டது. நாற்பத்தாறு வீடுகள் ஒரே நாளில் போயின.

போன வருஷம் சித்திரையில் ஒரு காலை, அடைக்கலம் என்ற கூலித் தொழிலாளியின் ரிப்போர்ட் வந்தது. டேப்லெட்டில் அவர் பெயருக்கு நேராகச் சிவப்புக் குறி. சிறுநீரகம் மோசம், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். விவரமெல்லாம் ஒட்டிய கவருக்குள் இருக்கும். அது நோயாளியின் கைக்குத்தான் போக வேண்டும், நாங்கள் பிரிக்கக் கூடாது. ஜோதி கவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நேராக விட்டேன் வண்டியை.

ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. கையில் அந்த மஞ்சள் கயிறு கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அடைக்கலம் கையிலும் கயிறு இருந்தது. இந்த வருஷம் தீச்சட்டி எடுக்கப் போகிறாராம், விரதமாம். முகம் கொஞ்சம் உப்பியிருந்ததே தவிர, மனிதர் உற்சாகமாக இருந்தார். கையில் அதே கயிறு கட்டியிருந்த அவர் மனைவி வள்ளிக்கண்ணு, "வாங்க சிஸ்டர், நல்ல நாள்ல வந்திருக்கீங்க" என்று மோர் கொண்டுவந்தாள்.

ஜோதி மோரைக் குடித்தாள். ஊர்க்கதை பேசினாள். கைப்பையைத் திறக்காமலே எழுந்து ஜீப்புக்கு வந்துவிட்டாள்.

"எப்படிண்ணே சொல்றது? காப்பு கட்டியிருக்கு. சொன்னாலும் வர மாட்டாங்க. வம்பா கூட்டிட்டுப் போயி, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சாமி குத்தம்னு நம்ம தலையில கட்டிடுவாங்க. திருவிழா முடிய எட்டு நாள்தான் இருக்கு."

அப்போது நான் சொன்னேன், இந்த வாயால்தான் சொன்னேன்: "எட்டு நாள்ல என்னம்மா குடி முழுகிடப் போகுது?"

ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஊர் முகப்பில் நின்றிருந்த இளநீர் வண்டியில் ஆறு காய் வாங்கினாள். "வெயில்ல விரதம் இருக்காரு, நீர்ச்சத்து குறையக் கூடாதுண்ணே" என்றாள். எங்கள் திட்டத்தின் துண்டுப் பிரசுரத்திலும் வெயிலில் நிற்பவர்கள் இளநீர், மோர் நிறையக் குடிக்க வேண்டும் என்றுதான் படம் போட்டிருந்தார்கள். திரும்பிப் போய் வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்து, "தினமும் ரெண்டு குடுங்க, மறக்காம" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வண்டியில் ஏறியதும் டேப்லெட் கேட்டது: நேரில் தெரிவிக்கப்பட்டதா? இல்லை என்று போட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் அன்னெக்கே மேடத்திடமிருந்து போன் வரும். ஜோதி ஆம் என்று அழுத்தினாள். மணப்பாறை தாண்டும்வரை ஒரு வேகத்தடைக்குக்கூட அவள் என்னைத் திட்டவில்லை.

நான்காம் நாள் பகலில் அடைக்கலம் கோயில் வாசலிலேயே சுருண்டு விழுந்தார். 108 வண்டியில் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். செய்தி கேட்டு ஜோதியும் நானும் ஓடினோம். உடனே டயாலிசிஸ் செய்ததால் உயிர் தப்பியது. ஆனால் இனி வாரத்துக்கு இரண்டு முறை அந்த இயந்திரம் இல்லாமல் முடியாது. டாக்டர் வெளியே வந்து, "இதயமே நின்னிருக்கும். இந்தக் கிட்னியை வச்சுக்கிட்டு இவ்வளவு பொட்டாசியம் எப்படி ஏறுச்சு? என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

வள்ளிக்கண்ணு எங்களைப் பார்த்ததும் அழுகையோடு கையெடுத்துக் கும்பிட்டாள். "விரதத்துல வேற ஒண்ணும் சாப்பிடல சார். இந்த சிஸ்டர் வாங்கிக் குடுத்தாங்களே இளநீ, அதத்தான் தீந்தாலும் வாங்கி வாங்கிக் குடுத்தேன். அதுதான் இது வரைக்கும் உசுரப் புடிச்சு வச்சுது."

டாக்டர் ஜோதியை ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாள் அன்னெக்கே மேடத்திடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். பொய்யாக ஆம் போட்டதையும் சொன்னாள். "இதைக் கட்டுரையில் எழுதத்தான் வேண்டும்" என்று மட்டும் பதில் வந்தது. வேலை போனால் போகட்டும் என்றுதான் ஜோதி இருந்தாள். போகவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அன்று மத்தியானம் வார்டு வராந்தாவில் வள்ளிக்கண்ணு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து அந்தக் கவரை எடுத்தாள்.

"இது அண்ணனோட ரிப்போர்ட். அன்னிக்கே குடுத்திருக்கணும். பையிலதான் இருந்துச்சு. காப்பு கட்டியிருக்கீங்க, வர மாட்டீங்கன்னு நானா நெனச்சுக்கிட்டு குடுக்காமப் போயிட்டேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாது சிஸ்டர். நீங்களே படிங்க."

ஜோதி பிரித்துப் படித்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு பட்டியல். முதல் வரியில் அவள் நின்றுவிட்டாள். தாண்டிப் போயிருந்தால் வள்ளிக்கண்ணுவுக்குத் தெரிந்திருக்காது, நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் தாண்டவில்லை.

"இளநீர் குடிக்கவே கூடாது."

வள்ளிக்கண்ணு திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே கயிறு இல்லை, மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

"அவரு விழுந்ததுமே ரெண்டு பேரு காப்பையும் அவுத்து ஆத்தா காலடியில வச்சுட்டுத்தான் வண்டியில ஏறினேன் சிஸ்டர். ஊர்ல ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா, அன்னிக்கே அவுத்திருப்பேனே. ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்க எனக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"