ஸ்பேனர் தட்டும் ஓசை

நான் கதை கட்டுபவள் அல்லேன். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

எங்கள் காரின் என்ஜின் பழுதாகிவிட்டது. பழைய வண்டிகளை உடைத்து விற்பவர் ஒருவரிடம் வேறொன்றை வாங்கி, ஆள் வைத்துப் பொருத்தினோம். எஞ்சிய வேலையை வீட்டுக் கொட்டகையில் என் மருமகளே செய்தாள். அன்று மாலை நல்ல மழை. தகரக் கூரையின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. ஆகவே ஓர் ஏற்பாடு: அவள் ஸ்பேனரால் இருமுறை தட்டினால், ஓட்டுநர் இருக்கையில் இருக்கும் நான் சாவியைத் திருப்ப வேண்டும், ஒருமுறை தட்டினால் நிறுத்த வேண்டும். பானெட் திறந்திருந்ததால் அவளை என்னால் பார்க்க முடியாது.

ஸ்பேனர்கள் யாவும் என் மடியில், அளவு வரிசையில். எடுத்ததை உடனே என்னிடம் திருப்பித் தந்துவிட வேண்டும்.

"ஆபரேஷன் தியேட்டர்ல கூட இவ்ளோ கண்டிப்பு இருக்காது, அத்தை."

"அங்க தொலைச்சா வயித்துக்குள்ள தேடலாம். இங்க நான் எங்கடி தேடுறது?"

டக்... டக். திருப்பினேன். பெல்ட் கிறீச்சிட்டது. டக். நிறுத்தினேன். என்ஜின் உயிர் பெறவில்லை.

பெல்ட்டை இறுக்கிவிட்டு வந்து, ஜன்னல் வழியே ஸ்பேனரை நீட்டினாள்.

"நட்டு ஒண்ணு உள்ள விழுந்துடுச்சு, எடுத்துட்டு வரேன். ஆமா அத்தை, இன்னும் ஸ்டார்ட்டே ஆகல... ஆனா என்ஜின் சுடுதே?"

"உன் கை மழையில சில்லுனு ஆகியிருக்கும். போ."

போனாள். ஸ்பேனரைத் துடைத்து அதனிடத்தில் வைத்தேன்.

டக்... டக்.

கை சாவிக்குப் போயிற்று. கண், பழக்கத்தால், மடிக்குப் போயிற்று. வரிசையில் ஓர் இடைவெளி இருந்தாக வேண்டும்.

இல்லை... எல்லா ஸ்பேனர்களும் என்னிடமே இருந்தன.

எதைக் கொண்டு தட்டுகிறாள்?

டக்... டக். இம்முறை அவசரமாக.

என் விரல்களுக்கிடையே சாவி மெல்ல அசைந்தது. நான் அசைக்கவில்லை.

பிடுங்கி எடுத்தேன். இறங்கினேன்.

பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவே, முழங்கை வரை, அவளுடைய இரு கைகளும்.

"தட்டினியா?"

"எதால தட்டுறது? ரெண்டு கையும் உள்ளதானே இருக்கு."

"வெளிய எடு."

எடுத்தாள்.

டக்... டக்.

என்ஜினுக்குள்ளிருந்து.

சாவி என் கைக்குள் இருந்தது.

மறுநாள் என்ஜினைத் திரும்ப எடுத்துச் செல்ல விற்றவர் வந்தார். ஓசையைப் பற்றி அவரிடம் நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அவராகவே தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"மறைச்சது தப்புதாம்மா. இந்த என்ஜின் முன்ன இருந்த வண்டிக்காரர் வீட்ல ரிப்பேர் பண்றப்போ, கை இதுல மாட்டித்தான் செத்தாரு. சாவியத் திருப்பினது அவர் சம்சாரம். அவர் ரெண்டு தடவை தட்டினாருன்னு அந்தம்மா இன்னைக்கும் சத்தியம் பண்றாங்க."

"தட்டியிருக்கலாமே" என்றேன்.

"எதால தட்டுவாரு? ஸ்பேனர் பூரா அந்தம்மா மடியிலதான் இருந்துச்சாம்."