கையைத் தூக்கினால் நிற்கும்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது தொலைக்காட்சித் திரையில் ஒரு குடம். கோபுரத்தைச் சுற்றிக் கட்டிய சாரத்தின் மேல்தட்டில் நின்ற குருக்கள் அதைத் தோளோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கீழே கூட்டம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது. திரைக்கு எதிரே சக்கர நாற்காலியில் அம்மா. அரக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தார்.

கோயில் எங்கள் தோ பாயோ வீட்டிலிருந்து இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளி இருக்கிறது. நடுவில் இன்னொரு புளோக் நிற்பதால் ஜன்னலில் பார்த்தால் கோபுரம் தெரியாது. சத்தம் மட்டும் வரும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கும்பாபிஷேகம் அது. முந்தையவற்றுக்கெல்லாம் அம்மா கூட்டத்தின் நடுவே நின்று, தலைக்குமேல் கைகூப்பி, தெளிக்கும் தண்ணீரை வாங்கியவர். இந்த முறை பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்திருந்தன. கூட்டமும் வெயிலும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வாதாடவில்லை.

"தண்ணி ஊத்தற நேரத்துல நான் கும்பிடணும். டிவியில காட்டினாலும் போதும்" என்றார்.

டிவியை வாங்கியது பொங்கோலில் இருக்கும் என் அக்கா. அம்மாவால் பழைய டிவியின் ரிமோட்டை அழுத்த முடியவில்லை, பிடித்தால் நழுவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடைக்குப் போனார்.

"ரிமோட்டே வேணாம் சார். கையைத் தூக்கினா நிக்கும், இறக்கினா ஓடும். இப்படித் தள்ளினா அடுத்த சேனல்" என்றார் விற்பனையாளர். அவர் கையைத் தூக்கினார், படம் நின்றது.

"உக்காந்துகிட்டுக் காட்டுங்க" என்றேன்.

உட்கார்ந்தார். மூன்றாவது முறைதான் நின்றது. "இங்க லைட் கம்மி சார்."

"நீ பேப்பருக்கு எழுத வரல. சும்மா இரு லா" என்றார் அக்கா.

பத்திரிகையில் நான் பல வருடம் தொழில்நுட்பப் பக்கத்தைப் பார்த்தவன். கையசைத்தால் பக்கம் புரளும் கைப்பேசி, விரலைச் சுழற்றினால் மங்கும் விளக்கு என்று எத்தனையோ அறிமுக விழாக்களுக்குப் போயிருக்கிறேன். மேடையில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் காற்றில் கையை வீசுவார், எல்லாம் நடக்கும். கைதட்டுவார்கள். நான் அவர் காலைப் பார்ப்பேன். தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கும். அதைவிட்டு ஒரு அடிகூட நகரமாட்டார். பொத்தான் என்றால் அழுத்தியது விரலுக்குத் தெரியும். காற்றில் எதுவும் தெரியாது. மேலும், வீட்டில் மனிதர்கள் கையை வேறு பல காரணங்களுக்காகத் தூக்குகிறார்கள். இதை ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். இடமில்லை என்று அந்தப் பத்தியை எடுத்துவிட்டார்கள்.

டிவி வந்த முதல் வாரத்தில் அக்கா தன் அலுவலகத்துக் கதையைச் சொன்னபோது மூன்று சேனல் மாறியது.

"நீ வாயால மட்டும் பேசு. நாங்க படம் பாக்கணும்" என்றேன்.

"உனக்கு எதுலதான் குறை இல்ல?" என்றார். போகும்போது அட்டைப்பெட்டியை வாரண்டிக்கு வேண்டும் என்று காரில் ஏற்றிக்கொண்டார். டிவியோடு வந்த ரிமோட் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி பொங்கோலில், அவர் ஸ்டோர் ரூமில் இருந்தது.

அன்று காலை அக்கா கோயிலில் நின்றார். நான் அம்மாவோடு வீட்டில். திரையில் ஓடியது கோயிலின் நேரலை. குருக்கள் கலசத்தைப் பார்த்துத் திரும்பினார். குடம் இன்னும் சாயவில்லை.

ஜன்னல் வழியாக மேளம் வேகமெடுப்பது கேட்டது. "ஓம் சக்தி" என்று ஒரே குரலாக எழுந்தது கூட்டம். நேரலை என்பது அரை நிமிடம் போலப் பின்தங்கி வருவது, எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. சத்தம் கேட்டதும் அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, இரண்டையும் தலைக்குமேல் தூக்கிச் சேர்த்தார்.

படம் நின்றது. குடம் நிமிர்ந்தபடி இருந்தது.

"அம்மா, கையைக் கொஞ்சம் கீழ விடுங்க. அதான் நின்னுடுச்சு."

"தண்ணி இன்னும் ஊத்தலப்பா."

"நீங்க இறக்கினாதான் ஊத்துவாங்க."

"சாமிக்குத் தூக்கின கைய ஊத்தறதுக்கு முன்னாடி எப்படி இறக்கறது? கொஞ்சம் பொறு."

டிவியில் ஒரு பொத்தானாவது இருக்கும் என்று பின்பக்கம் தடவினேன். கிடைக்கவில்லை. கையசைவைப் பார்க்கும், திரையின் மேல்விளிம்பில் இருந்த கேமராவை உள்ளங்கையால் மூடினேன். கேமரா மறைக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கையை எடுத்தேன். வரி போனது, அம்மாவின் கைகளைக் கண்டு படம் அப்படியே நின்றது. ஒயரைப் பிடுங்கலாம் என்று தோன்றியது. பிடுங்கினால் இருப்பதும் போய்விடும்.

வெளியே மேளம் அடங்கத் தொடங்கியது. கைப்பேசி அடித்தது. அக்கா.

"பாத்தீங்களா? என் மேலெல்லாம் தண்ணி. அம்மா கும்பிட்டாங்களா?"

"கும்பிட்டுகிட்டு இருக்காங்க."

"இன்னுமா?"

கைப்பேசியைக் கீழே வைத்தேன். அம்மாவின் முழங்கை நடுங்கியது. அவர் கண் திரையிலேயே இருந்தது, உதடு மட்டும் அசைந்தது. பின்னால் நின்று முழங்கைகளைத் தாங்கினேன். வலது கை கனமாகவும் சில்லென்றும் இருந்தது.

"விடு, வலிக்குது" என்றார்.

விட்டேன். முதலில் வலது கை நழுவியது, பிறகு இடது. ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் விழுந்தன. திரையில் குருக்கள் அசைந்தார், குடம் சாய்ந்தது. அம்மா இடது கையால் மணிக்கட்டைத் தேடினார். பிடித்தார், தூக்க முடியவில்லை.

கலசத்தின் மேல் தண்ணீர் விழுந்தபோது அம்மாவின் கைகள் மடியில் இருந்தன.