அனுசுயாவின் பத்துத் தட்டுகள்

"ஆய்வில் தெரியவந்துள்ளது" என்று செய்தி வாசிப்பவர் சொன்ன மாத்திரத்தில் அனுசுயாவின் கை நின்றுவிடும். இடுப்பில் மல்பெரித் தழைக் கட்டு, கழுத்தில் தொங்கும் துணிப் பைக்குள் கைப்பேசி. அப்படியே நின்று கேட்பார். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு மறதி நோய் வர வாய்ப்பு அதிகமாம்.

"எத்தன பேர வச்சுப் பாத்தாகளாம்?" என்று கைப்பேசியைக் கேட்பார். அது சொல்லாமல் அடுத்த செய்திக்குப் போய்விடும். "சொல்ல மாட்டியே. நாலு நேரம் தழ போடுற பொம்பளைய வச்சுப் பாத்தியா, ஏசி ரூம்புல படுத்துருக்கவன வச்சுப் பாத்தியா? அதச் சொல்லாம என்னாத்த ஆய்வு?" தழையை உதறிப் பட்டுப்புழுக்களின் மேல் பரப்பிக்கொண்டே பேச்சு தொடரும்.

உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி போகும் பாதையில் கிளை பிரியும் ஒரு மண் தடத்தில் அவருடைய தோட்டம் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் மல்பெரி. நடுவே பட்டுப்புழு வளர்க்கும் நீளமான கொட்டகை. அதை எல்லோரும் செட்டு என்பார்கள். நான் அந்தப் பக்கத்துக்குத் தபால் கொண்டுபோகிறவன். முதல் முறை போனபோது வாசலிலேயே நிறுத்தினார்.

"என்னாண்ணே, பவுடர் போட்டுருக்கீகளா?"

போட்டிருந்தேன். வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லி, பத்தடி தள்ளி வந்து கையெழுத்துப் போட்டார். பட்டுப்புழுவுக்கு வாசனை ஆகாது. பீடிப் புகை, கொசுவர்த்தி, தலைத் தைலம் எதுவும் ஆகாது. வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தட்டு இருக்கும். அதில் பாதத்தை நனைக்காமல் அவருடைய கணவர் சுருளிராஜன்கூட உள்ளே போக முடியாது. ஓசூரில் ஐந்து நாள் பயிற்சி எடுத்த சான்றிதழை உறை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். பக்கத்திலேயே வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவி. காலையும் மாலையும் அதைப் பார்த்து நோட்டில் குறிப்பார்.

சுருளிராஜன், மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். அதனால் ஓட்டுநர் இல்லாத கார் பற்றிச் செய்தி வந்தால் அனுசுயாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கம்பம்மெட்டு வளைவுல பதினெட்டுப் பேர ஏத்திக்கிட்டு ஏறச் சொல்லு பாப்போம். பதினெட்டுப் பேரு ஏன் ஒரு ஜீப்புல போறாகன்னு எந்த டிவியிலயாச்சும் கேட்டானா? டிரைவர் வேணாமாம்ல. பஸ்ஸு வேணும்ங்குறோம், அதக் கண்டுபிடிங்கப்பா."

இதைக் கேட்டு அவரைப் புது விஷயம் பிடிக்காதவர் என்று நினைத்தால் தப்பு. பாதாளச் சாக்கடைக்குள் இறங்க எந்திரம் வந்துவிட்டது என்ற செய்தியை என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார். "வந்துருச்சுண்ணே. அப்புறம் எதுக்கு இன்னும் மனுசன எறக்குறாக? மிஷின வாங்கிக் குடோன்ல பூட்டி வச்சுட்டு ஆள எறக்குனா, அவன என்னா செய்யணும்?" அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும் என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் ட்ரோன் ஓட்டப் பயிற்சி பெறுகிறார்கள் என்று செய்தி வந்த நாளில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து ஊர் யுவராணி, இருபத்து நாலு வயதுப் பெண், ஒரு தனியார் நிறுவனத்துக்காக மருந்து தெளிக்கும் ட்ரோனை முதல் தடவை அந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்தபோது, அனுசுயா தழை வெட்டுவதைப் போட்டுவிட்டு ஓடினார். எத்தனை லிட்டர் தூக்கும், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், ஒரு ஏக்கருக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டுத் தீர்த்தார். "முதுகுல டாங்கியக் கட்டிக்கிட்டு, மருந்தக் குடிச்சு மயங்கி விழுந்த ஆள்க எத்தன பேரு இந்த ஊர்ல. இனிமே அது இல்லண்ணே. அதுவும் ஒரு பொம்பளப் பிள்ள ஓட்டுது" என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. அனுசுயாவின் தோட்டத்துக்கு மேற்கே சின்னச்சாமியின் மக்காச்சோளம். குருத்தைத் தின்னும் படைப்புழு விழுந்திருந்ததால் ட்ரோனை வரச் சொன்னார். அது வந்தபோது காலை பத்து மணி. ஆடிக் காற்றைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலை இடுக்கில் புகுந்து மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். எட்டே நிமிடத்தில் தெளித்து முடித்துவிட்டுப் போனார்கள். அனுசுயா அன்று பட்டுக்கூடு அங்காடிக்கு விலை பார்க்கத் தேனிக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்து, வழக்கம்போல் மேற்குப் பக்கத்து வரிசைகளில் தழை வெட்டிப் போட்டார்.

மறுநாள் நான் போனபோது கைப்பேசி பேசவில்லை. செட்டுக்குள் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஏறத்தாழ எண்பதாயிரம் புழுக்கள். பாதி, தலையைத் தூக்கிப் பச்சைத் தண்ணீராய்க் கக்கிக்கொண்டிருந்தன. மீதி சுருண்டு கிடந்தன. தழை அப்படியே இருந்தது.

"பதினஞ்சு நாளு வளத்தேன். இன்னும் ரெண்டு நாள்ல கூடு கட்டப் போயிருக்கும்" என்றார். பிறகு ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சோளத்துல விழுந்ததும் புழு, இதுவும் புழு. மருந்துக்கு எது யாரு வீட்டுப் புழுன்னு தெரியுமா?"

தகவல் போய், மூன்றாம் நாள் ட்ரோன் நிறுவனத்தின் மேலாளர் வந்தார். கையில் பெரிய கைப்பேசி போன்ற ஒரு பலகை. அதில் சின்னச்சாமியின் காடு ஒரு கட்டமாகத் தெரிந்தது. கட்டத்துக்குள் பச்சைக் கோடுகள். "பாருங்கம்மா, தெளிப்பு முழுக்க எல்லைக்குள்ளதான். ஒரு அடிகூடத் தாண்டல. காத்தும் ஆப்புல சரியாத்தான் காட்டியிருக்கு." அதோடு விட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அவர் செட்டு வாசல்படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏதோ நோயா இருக்கும். சுத்தம் பத்தலைன்னா இப்படி வரும்" என்றார்.

அனுசுயா அவருடைய காலைப் பார்த்தார். "செருப்போட நிக்கிறீக. எறங்குங்க" என்றார். மேலாளர் இறங்கினார்.

அன்று முழுக்க அனுசுயா பேசியதை எழுத முடியாது. செத்த புழுவுக்காக அழாத பெண், அந்த ஒரு சொல்லுக்காக அழுதார். "எஞ் செட்டுல சுத்தம் இல்லயாம். கோடு தாண்டலையாம். கோடு தாண்டலைன்னா காத்து நின்னுச்சா? படத்துல காத்து எங்கன இருக்கு, காட்டச் சொல்லு." சாயங்காலம் முகத்தைக் கழுவிவிட்டுச் சுருளிராஜனோடு கிளம்பி, ராயப்பன்பட்டிக்கு அப்பால் பட்டுப்புழு வளர்க்கும் மொக்கம்மாள் வீட்டுக்குப் போனார். நோயில்லாத நல்ல புழு இருநூறு கேட்டு வாங்கி வந்தார்.

மறுநாள் காலை எனக்கும் ஆள் வந்தது. "அண்ணே, எண்ணத் தெரியும்ல? வாங்க." செட்டு முழுவதையும் கழுவிக் கிருமிநாசினி தெளித்துக் காயவிட்டிருந்தார். பத்துத் தட்டு, தட்டுக்கு இருபது புழு. சோளக்காட்டை ஒட்டிய முதல் வரிசை மல்பெரியின் தழை முதல் தட்டுக்கு. மூன்றாம் வரிசை, ஐந்தாம் வரிசை, எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து, இருபது, முப்பது என்று கிழக்கே தள்ளித் தள்ளி வெட்டி வந்தார். பத்தாம் தட்டுக்குத் தோட்டத்தின் மறு கோடியிலிருந்து. ஒவ்வொரு வரிசைக்கும் கையைக் கழுவி, அரிவாளைக் கழுவினார்.

சின்னச்சாமி வரப்பிலேயே நின்றார். "நான் என்னாத்தா தப்புப் பண்ணேன்? எஞ் சோளத்துக்கு மருந்தடிச்சேன்."

"ஒங்களைய யாரு மாமா தப்புச் சொன்னா? உள்ள வந்து எண்ணுங்க. நான் மட்டும் எண்ணுனா நாளைக்கு எனக்கு எண்ணத் தெரியலம்பாக."

யுவராணியையும் கூப்பிட்டிருந்தார். அந்தப் பெண் வந்து ஓரமாக நின்றாள்.

மறுநாள் மத்தியானம் எல்லோருமாக எண்ணினோம். முதல் மூன்று தட்டுகளிலும் இருபதும் செத்திருந்தன. எட்டாம் வரிசைத் தழை தின்றதில் பத்தொன்பது. பத்தாம் வரிசையில் பதினாலு, பன்னிரண்டில் ஒன்பது, பதினைந்தில் இரண்டு. இருபது, முப்பது, கடைசி, இந்த மூன்று தட்டிலும் ஒன்றுகூடச் சாகவில்லை. மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தன. ஒரு தாளில் எண்ணிக்கையை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். யுவராணி பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அவளும் போட்டாள்.

அடுத்த வாரம், அதிகாரிகள் குறை கேட்கும் விவசாயிகள் கூட்டம். சுருளிராஜன் ஒரு நாள் மலைக்குப் போகாமல், பத்துத் தட்டுகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். நிறுவனத்தின் மேலாளரும் வந்திருந்தார். "இது அறிவியல் முறைப்படி நடந்த சோதனை இல்லை சார். லேப் ரிப்போர்ட் இருக்கா இவங்ககிட்ட?" என்றார்.

அனுசுயா எழுந்தார். அவர் குரல் கூட்டத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

"ஒரே செட்டு சார். ஒரே வீட்டுப் புழு. போட்டதும் ஒரே கை. தழ மட்டுந்தான் வேற வேற வரிசை. சுத்தம் பத்தலைன்னா பத்துத் தட்டுலயும்ல சாகணும்? கடைசித் தட்டுல இருந்ததெல்லாம் என்னா சாமியாருப் புழுவா, நோவு அண்டாம இருக்க? அறிவியல்னு சொல்றாக. அவுக வச்சுருக்கது ஒரு படம். நான் வச்சுருக்கது இருநூறு புழு. எது அறிவியலு, நீங்களே சொல்லுங்க."

மேடையிலிருந்த அதிகாரி இறங்கி வந்தார். ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார். தாளை இரண்டு தடவை படித்தார். "அன்னைக்கு ட்ரோன் ஓட்டினது யாரு?" என்று கேட்டார்.

யுவராணி எழுந்து நின்றாள். மேலாளர் அவளைத் திரும்பிப் பார்த்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "நான்தான் சார். காத்து அடிச்சுச்சு. நிப்பாட்டவான்னு போன்ல கேட்டேன். ஆப்புல சரின்னுதான் காட்டுது, ஓட்டுன்னு சொன்னாக" என்றாள்.

அதன் பிறகு பேச அதிகம் இல்லை. மருந்து காற்றில் பரவியதுதான் காரணம் என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். நிறுவனம் நட்ட ஈட்டுக்கு ஒப்புக்கொண்டது. மல்பெரித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் முதல் நாளே அவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு, காற்றில்லாத விடிகாலையில்தான் தெளிக்க வேண்டும் என்று முடிவானது. மேலாளர் போகும்போது, "சுத்தம் பத்தி நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க" என்றார். "வச்சுக்கிருவேன்" என்றார் அனுசுயா.

இரண்டு நாள் கழித்து, நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்திருந்ததை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'ட்ரோன் தெளிப்பால் விவசாயிகளிடையே அச்சம்' என்று தலைப்பு. புதிய தொழில்நுட்பம் குறித்து விழிப்புணர்வு தேவை என்று முடித்திருந்தார்கள். பத்துத் தட்டு பற்றி ஒரு சொல் இல்லை.

"அச்சமாம்ல. நான் எங்கண்ணே அச்சப்பட்டேன்? ஆதாரத்தத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கேன், பொம்பள பயந்துட்டான்னு போட்டுருக்கான். எழுதுனவன் அந்தக் கூட்டத்துக்கு வந்தானா?" வரவில்லை என்றேன். "வராம எழுதுறான். அத நம்ம படிக்கிறோம். இதே மாதிரிதான மத்த செய்தியும் இருக்கும்? இம்புட்டு நாளும் இதக் கேட்டுக்கிட்டா தழ போட்டேன்?" அன்றைக்கு அவர் கோபத்துக்குக் கைப்பேசியும் தப்பவில்லை. நாலைந்து நாள் செட்டில் அதன் சத்தமே கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய கோபம் பிறகு வந்தது. யுவராணியை நிறுவனம் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. சின்னச்சாமி மறுபடி தெளிக்கக் கேட்டபோது வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுசுயா சோளக்காடு சோளக்காடாக நடந்தார். "போன்ல ஓட்டுன்னு சொன்னவன் ஏசில இருக்கான். நெசத்தச் சொன்னவ வீட்ல இருக்கா. இத விட்டுட்டு எனக்கு ஈடு குடுத்தா ஆச்சா? அந்தப் பிள்ளைய அனுப்பலைன்னா எங்களுக்கு ஒங்க ட்ரோனே வேணாம்னு சொல்லுங்க" என்று பதினோரு பேரைச் சொல்ல வைத்தார். அதில் ஆறு பேர் அவரோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். ஒரு மாதத்தில் நிறுவனம் யுவராணியை மறுபடி அழைத்தது. முதல் தெளிப்பு சின்னச்சாமியின் சோளத்துக்கு. அந்தப் பெண் முதல் நாளே வந்து அனுசுயாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

புரட்டாசி முதல் வாரம். அன்று ராயப்பன்பட்டிப் பக்கம் எனக்கு வேறு சோலி இருந்ததால், நானும் அந்த விடிகாலையில் வரப்பில் நின்றிருந்தேன். மலையின் விளிம்பில் வெளிச்சம் வந்திருந்தது. சோளத்தில் இலை அசையவில்லை. யுவராணி மருந்தை ஊற்றி மூடியைத் திருகிவிட்டு, ட்ரோனைத் தரையில் வைத்து, நிமிர்ந்து அனுசுயாவைப் பார்த்தாள். அவர் குனிந்து வரப்பு மண்ணை ஒரு கை அள்ளினார். தலைக்கு மேலே தூக்கி, விரல்களை மெல்ல விரித்தார். மண் புகைபோல இறங்கி, இடையில் ஒரு சாண் அளவுக்கு மல்பெரிப் பக்கம் சாய்ந்து விழுந்தது. யுவராணி மண்டியிட்டு, ட்ரோனிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் பையில் வைத்தாள்.