மாலைப் பாலுக்கு ஒரு வண்டி

பால் சங்கத் தலைவன் மாட்டுக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கிறவன். இதில் மாடு பரவாயில்லை. சங்கம் நடத்தி நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாடம்பாக்கத்தில் எங்களுடையது சின்னச் சங்கம். நிலத்தை மனை போட்டு விற்ற பிறகும் மாட்டை விற்க மனசில்லாதவர்கள்தான் உறுப்பினர்கள். காலைப் பால் வீடுகளுக்குப் போய்விடும். மாலைப் பாலுக்கு ஆள் இல்லை. அடுக்குமாடிக்காரர்கள் பாக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள். வெயில் காலத்தில் மீந்தது திரிந்து சாக்கடைக்குப் போயிற்று. பெரிய பால் ஒன்றியத்தில் எங்கள் சங்கம் உறுப்பினராகச் சேர்ந்தால் அவர்கள் வண்டி மாலையில் வாசலுக்கே வரும். சேராவிட்டால் மாடுகளை விற்றுவிட்டுச் சங்கத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

சங்கம் எப்படி மெம்பர் ஆகும்?

பொதுக்கூட்டம் போட்டேன். எங்கள் கூட்டம் கறவை நேரத்துக்கு முன்னால் முடிய வேண்டும். நேரமானால் மாடு கத்தும், ஆட்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். சேரலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். தூக்கினார்கள். எதிராஜ் மட்டும் எழுந்து நின்றான். மாடு வளர்ப்பதில் அவன்தான் சீனியர், சந்தேகம் கேட்பதிலும்.

"ஆளு மெம்பர் ஆவான், சரி. சங்கம் எப்டி மெம்பர் ஆவும்?"

"இங்கே நீ ஒரு ஆள். அங்கே நம்ம சங்கம் மொத்தமும் ஒரு ஆள். அவ்வளவுதான், கையைத் தூக்கு" என்றேன். யோசித்தான். பாதிக் கையைத் தூக்கிக்கொண்டு கேட்டான்:

"அப்போ தீபாவளிக்கு அங்க குடுக்குற ஸ்வீட் பாக்ஸ் நம்ம எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணுதானா தலைவரே?"

மெஷின் சொன்னது

சேர்ப்பதற்கு முன்னால் ஒன்றியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பாலைச் சோதிப்பார். வெளியே வாங்கி ஊற்றுகிற சங்கத்தைச் சேர்க்க மாட்டார்கள். எங்களுக்கு என்ன பயம்? இருப்பது எல்லாம் பசு, எல்லாம் சொந்த மாடு.

அதிகாரி சின்ன வயசுக்காரர். பாலை மெஷினில் வைத்தார். முகம் மாறியது. மறுபடி வைத்தார். கொழுப்பு எகிறியிருந்தது. பசும்பாலில் இவ்வளவு வராது. எங்கள் செயலாளர் செல்வி மெஷினைத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னாள். துடைத்தார். அதேதான். பையை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், எருமைய எங்க கட்டி வெச்சிருக்கீங்க?"

விசாரணை

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். ஒவ்வொருத்தராகக் கேட்டேன். கறக்கும்போது முதலில் வருவது நீர்த்த பால். கெட்டியானது கடைசியில்தான் வரும். அதிகாரி வருகிறார் என்று, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல், முதல் பாலை வீட்டில் நிறுத்திவிட்டுக் கடைசிப் பாலை மட்டும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருத்தர் செய்திருந்தால் தெரிந்திருக்காது. எல்லாரும் செய்திருக்கிறார்கள். செல்வியும்தான்.

தண்ணீர் ஊற்றி மாட்டிக்கொண்ட சங்கம் உண்டு. நல்ல பால் ஊற்றி மாட்டிக்கொண்டது நாங்கள்தான். கத்தினேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், எதிராஜ் தவிர.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னா அழுக்குப் பொடவையா தலைவரே கட்டி வுடுவோம்?"

கொட்டகையில்

அதிகாரிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. நீங்களே வந்து பக்கத்தில் நின்று பாருங்கள் என்றேன். வந்தார். எதிராஜின் கொட்டகை இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவில் இருக்கிறது. ஷூவோடு சாணியில் நின்று, முதல் பீய்ச்சலிலிருந்து கடைசி வரை பார்த்தார். அப்படியே ஒவ்வொரு கொட்டகையாக. எல்லாப் பாலையும் கலந்து மெஷினில் வைத்தார். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை, மூடலாமா என்று பார்த்தேன்.

"பசும்பால்தான். சேத்துக்கலாம்" என்றார்.

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். எதிராஜுக்கு மட்டும் ஏமாற்றம்.

"இந்த சாதாப் பாலத்தான் கேட்டீங்களா சார்? மொதல்லயே சொல்லக் கூடாதா?"

முதல் மாலை

வண்டி வரவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் மாட்டிக்கொண்டிருக்கிறதாம். பால் கேன்கள் வாசலில் வெயிலில் நின்றன. எதிராஜ் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து மூடினான். எல்லாருக்கும் சாக்கடை ஞாபகம்தான்.

வந்தது. கேன்கள் ஏறின. ஒரு சொட்டு மீதமில்லை. வேலை முடிந்தும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. செல்வி டிரைவரிடம் போய், "நாளைக்கும் வருவீங்கல்ல?" என்றாள். அவன் கதவைச் சாத்தினான்.

"மாடு லீவு போட்டா சொல்லுக்கா, அன்னிக்கு நானும் போட்டுக்கறேன்."

முன்பெல்லாம் மாலையானால் வெயிலைத் திட்டிக்கொண்டு நிற்பேன். இப்போது வண்டி லேட்டானால் டிரைவரைத் திட்டுகிறேன், அவனாவது திருப்பிப் பதில் சொல்கிறான்.